டாடா 207 பின் கண்ணாடி உடைஞ்சிருச்சு – பீடிங்கோட மாத்தணுமா, கண்ணாடி மட்டும் போதுமா?

#1 தக்காளி207
செப்டம்பர் 9, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. 2006 மாடல் டாடா 207 டி.ஐ. பிக்கப் வச்சிருக்கேன். தோட்டத்துல இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி, முருங்கை ஏத்துற வண்டி. நேத்து திரும்பி வரும்போது சொட்டுநீர் பைப் ஒரு கட்டு ஏத்திட்டு வந்தேன். வழியில புதுசா ஒரு வேகத்தடை, வெள்ளைக்கோடு கிடையாது. பிரேக்கை மிதிச்சதும் பைப் மொத்தமா முன்னால வழுக்கி வந்து கேபினோட பின் கண்ணாடியில குத்திருச்சு. டப்னு ஒரு சத்தம்தான். அடுத்த நொடி பின்னங்கழுத்துல பொலபொலன்னு கொட்டுது. பக்கத்துல மச்சான் உக்காந்திருந்தான், ஆலங்கட்டி மழைன்னு நெனச்சு கதவுக் கண்ணாடியை ஏத்துறான்.

யாருக்கும் அடி இல்லை. இப்போ உரச்சாக்கை ஒட்டி ஓட்டிட்டிருக்கேன். கேட்க வேண்டியது மூணு. ஒண்ணு, கண்ணாடி மட்டும் வாங்கினா போதுமா, சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங்கையும் மாத்தணுமா? ரெண்டு, நம்ம ஊர் கண்ணாடிக் கடையில அளவு கொடுத்து வெட்டி வாங்கலாமா? மூணு, வீட்டுலயே மாட்ட முடியுமா? ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும்.

#2 மேட்டாங்காடு
செப்டம்பர் 9, இரவு 10.05

மச்சானுக்கு ஒண்ணும் ஆகலைல்ல, அது போதும். முதல்ல சீட்டைக் கழட்டி வெளிய எடுத்துக் கூட்டுங்க. சீட் நகர்ற தண்டவாளத்துல துண்டு சிக்கினா சீட் நகராது. அப்புறம் உரச்சாக்கு ஒட்டி ரொம்ப நாள் ஓட்டாதீங்க. பின்னால திறந்திருந்தா ஓடுற வண்டி தூசியையும் சைலன்சர் புகையையும் பின்பக்கமா உள்ள இழுக்கும். தலைவலியோட வீடு வந்து சேருவீங்க.

#3 ஒருகைபார்ப்போம்
செப்டம்பர் 9, இரவு 11.20

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை. ஹார்டுவேர் கடையில அக்ரிலிக் ஷீட் வாங்கி, அளவா அறுத்து, சுத்தி சிலிகான் அடிச்சு விட்டா முடிஞ்சது. எங்க சித்தப்பா வண்டியில ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது. அடுத்த தடவை பைப் குத்தினாலும் லேசுல உடையாது.

#4 கண்ணாடிக்காரன்
செப்டம்பர் 10, காலை 6.55

தக்காளி தம்பி, இருபது வருஷத்துக்கு மேல இதே தொழில்ல இருக்கேன். நிதானமா சொல்றேன், கேட்டுக்குங்க.

உங்க கழுத்துல கொட்டினது டஃபன்ட் கண்ணாடி. கல்கண்டு மாதிரி மொட்டை முனையோட சின்னச் சின்னதா இருந்திருக்குமே? அந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல சூடேத்தி, ரெண்டு பக்கமும் காத்தை வேகமா அடிச்சுக் குளிர வைப்பாங்க. மேல்தோல் முதல்ல இறுகிடும், உள்ள இருக்கிறது பின்னால குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். அந்த இழுபறியிலதான் அதோட பலம் இருக்கு. எங்கயாவது ஒரு இடத்துல அது விட்டுப்போச்சுன்னா மொத்தமும் ஒரே நொடியில உதிர்ந்துரும். அதனாலதான் டஃபன்ட் ஆன பிறகு யாராலயும் வெட்ட முடியாது. ஓரத்துல ஒரு இழை தேய்க்கலாம்னு மெஷின்ல வச்சாலும் கையில கல்கண்டுதான் மிஞ்சும்.

வெட்டி வாங்கலாமான்னு கேட்டீங்க. கடைக்காரர் வெட்டித் தர்றது சாதாரண ஜன்னல் கண்ணாடியா இருந்தா வாங்காதீங்க. அது உடைஞ்சா கத்தி கத்தியாத்தான் உடையும், உங்க கழுத்து அதுக்கு ஒரு முழம் முன்னாலதான் இருக்கு. லேமினேட்டட் வெட்டலாம். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஜவ்வு வச்சு ஒட்டினது, முன் கண்ணாடிக்கு வர்ற சாதி. ஆனா கடையில சும்மா கிடைக்கிறது ரெண்டு 3 மி.மீ. கண்ணாடி சேர்ந்தது, மொத்தம் 6 மி.மீ.க்கு மேல போயிடும். உங்க பீடிங் பள்ளம் எத்தனை மி.மீ.க்கு அமைஞ்சதுன்னு பார்க்கணும். தடிமனான கண்ணாடியைத் திணிச்சா ரப்பர் வாய் பிளந்துக்கும், வெளி உதடு தகட்டுல படியாது, முதல் மழையிலயே ஒழுகும்.

மூணாவது வழியும் உண்டு. அட்டையில அச்சு எடுத்து, சாதாரண கண்ணாடியை அந்த அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்ச்சு, அதுக்கப்புறம் டஃபனிங் பட்டறைக்கு அனுப்பறது. கோயம்புத்தூர், சென்னைப் பக்கம் செய்றாங்க. ஆனா 207-க்கு ரெடிமேடே கிடைக்கும்போது அந்த அலைச்சல் வேண்டாம்.

அக்ரிலிக் பத்தி: சீக்கிரமே கீறல் விழும், போகப்போக மங்கும். மோட்டார் வாகன விதி 100 என்ன சொல்லுதுன்னா வண்டிக் கண்ணாடி எல்லாம் சேஃப்டி கிளாஸா, இல்லைன்னா தரச்சான்று உள்ள சேஃப்டி கிளேசிங்கா இருக்கணும், முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைஞ்சது 70 சதவீதம் வெளிச்சத்தை விடணும். உங்களுது எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டி, வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டணும். அங்க போய் நின்னு வாதாடுறதுக்கு ஒரு கண்ணாடி வாங்கிடலாம்.

வாங்கும்போது மூலையில பொறிச்சிருக்கிற எழுத்தைப் பாருங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 2553, டஃபன்டா லேமினேட்டடான்னு இருக்கும். எழுத்தே இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

#5 தக்காளி207
செப்டம்பர் 10, இரவு 8.30

ரொம்ப நன்றிங்க அண்ணா. துண்டு ஒண்ணை வெர்னியர்ல வச்சுப் பார்த்தேன், 5 மி.மீ. காட்டுது. பீடிங் கம்பெனியில இருந்து வந்ததேதான், ஒரு தடவையும் மாத்தினதில்லை. நகத்தால அழுத்தினா உள்ள போகல, வத்தக் காய்ஞ்ச மாட்டுத்தோல் மாதிரி இருக்கு. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும்தான், அதனால கைக்காசு.

#6 சர்வேசாமி
செப்டம்பர் 10, இரவு 9.15

ஃபுல் இன்சூரன்ஸ் வச்சிருக்கிறவங்களுக்காக ஒரு வரி: கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டாங்க. ஆனா ரப்பருக்குப் பாதி பிடிப்பாங்க. கட்டாயக் கழிவு (நாமளே போட வேண்டிய பங்கு) போக மிச்சம்தான் கையில வரும். கிளெய்ம் பண்ணினா அடுத்த வருஷ என்.சி.பி.யும் (கிளெய்ம் இல்லாததுக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) போயிடும். பிக்கப் பின் கண்ணாடி மாதிரி சின்ன வேலைக்கு அஞ்சு வருஷமா சேர்த்த 50 சதவீதத்தை விடறது நஷ்டக் கணக்கு.

#7 கண்ணாடிக்காரன்
செப்டம்பர் 11, காலை 7.10

மாட்டுத்தோல்னு சொன்னப்புறம் அந்தப் பீடிங்கைத் திரும்பிப் பார்க்காதீங்க. புதுசு வாங்குங்க. அச்சுல வார்த்து மூலையோட வர்ற வளையமா கேளுங்க. மீட்டர் கணக்குல வெட்டித் தர்றதா இருந்தா சுத்தளவை விட ஒரு விரக்கடை கூட வெட்டி, இணைப்பை நெருக்கித் திணிக்கணும். சரியா வெட்டினா ஆறே மாசத்துல சுருங்கி வாய் திறக்கும்.

மாட்டுறது வீட்டுலயே முடியும், ஆனா ரெண்டு பேர் வேணும். கயித்து முறை:

பீடிங்குல ரெண்டு பள்ளம் இருக்கு. உள்பள்ளத்துல கண்ணாடி உக்காரும், வெளிப்பள்ளத்துல கேபினோட தகட்டு விளிம்பு உக்காரும். கட்டில்ல ஒரு கம்பளி விரிச்சு, கண்ணாடியைப் படுக்கப் போட்டு, சுத்தி பீடிங்கை மாட்டுங்க. அதுக்கு முன்னால பீடிங்கை அரை மணி நேரம் வெயில்ல போட்டு வைங்க. நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் 4 மி.மீ. நைலான் கயிறு எடுத்து வெளிப்பள்ளத்துல சுத்தி வைங்க. ரெண்டு முனையும் கீழ் நடுவுல ஒரு சாண் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கணும். பாத்திரம் கழுவுற லிக்விடைத் தண்ணியில கலந்து தகட்டு விளிம்பு, பீடிங் ரெண்டுலயும் தாராளமா தடவுங்க. கிரீஸ், டீசல், ஆயில் பக்கம் போகக் கூடாது. ரப்பர் ஊறிப் போகும்.

ஒருத்தர் வண்டித் தொட்டியில (சரக்கு ஏத்துற இடத்துல) நின்னு கண்ணாடியைக் கீழ்விளிம்புல முதல்ல உக்கார வச்சு உள்ளங்கையால அழுத்தணும். இன்னொருத்தர் கேபினுக்குள்ள இருந்து கயித்து முனையைக் கண்ணாடியோட நடுவைப் பார்த்து இழுக்கணும். இழுக்க இழுக்க பீடிங்கோட உள் உதடு தகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் புரண்டு விழும். அந்தச் சத்தமே தனி, வாழைமட்டை உரியற மாதிரி இருக்கும். எந்த இடத்துல கயிறு வருதோ அதுக்கு நேரா வெளிய இருக்கிறவர் கை இருக்கணும். மூலையில நின்னு போச்சுன்னா ஸ்க்ரூடிரைவரை வச்சு நெம்பாதீங்க. டஃபன்ட் கண்ணாடிக்கு நடுவுல குத்தினாக்கூடத் தாங்கும், ஓரம் பூஞ்சை, பலம் கிடையாது. ஒரு தட்டு, அவ்வளவுதான், மறுபடி கடை. ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு அழுத்தி, சோப்புத் தண்ணி விட்டு, திரும்ப இழுங்க.

#8 டிங்கர்கடை
செப்டம்பர் 11, மதியம் 2.00

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா அதுக்கு முந்தின வேலையை யாரும் பேசல. பழைய பீடிங்கை உரிச்சதும் தகட்டு விளிம்பைப் பாருங்க, முக்கியமா கீழ்ப்பக்கம் ரெண்டு மூலை. இருபது வருஷ வண்டியில அங்க துரு இல்லாம நான் பார்த்ததே கிடையாது. பீடிங் காய்ஞ்சு இறுகினதும் தண்ணி உள்ள போகும், வெளிய வர வழியில்லாம அங்கயே நிக்கும். என்கிட்ட கண்ணாடி ஒழுகுதுன்னு வர்ற பத்து வண்டியில ஏழு எட்டு தகடுதான் போயிருக்கும். கண்ணாடி என்ன பாவம் பண்ணிச்சு.

#9 தக்காளி207
செப்டம்பர் 13, இரவு 7.50

டிங்கர் அண்ணா வாய்முகூர்த்தம். இன்னைக்குப் பீடிங்கைக் கத்தியால கீறி உரிச்சேன். மேல் விளிம்பு பளபளன்னு பெயிண்டோட இருக்கு. கீழ்ப்பக்கம் டிரைவர் சீட் மூலையில விரலை வச்சதும் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிருச்சு. ஒரு சாண் நீளத்துக்கு விளிம்பே இல்லை, காவி நிறத்துல ஈரமண் மட்டும் இருக்கு. அதுல ஒரு முருங்கை விதை முளை விட்டிருக்கு, சத்தியமா. போட்டோ போட்டிருக்கேன் பாருங்க.

இதை எம்-சீல் வச்சு மேடாக்கிடலாமா?

#10 மேட்டாங்காடு
செப்டம்பர் 13, இரவு 8.02

முளையை எடுத்து நட்டுருங்க, 207 முருங்கைன்னு ரகம் விடலாம் 😂

#11 டிங்கர்கடை
செப்டம்பர் 13, இரவு 9.30

எம்-சீல், பட்டி ரெண்டும் அந்த இடத்துக்கு ஆகாது. பீடிங் பிடிச்சு நிக்கறது அந்த விளிம்பைத்தான். பட்டி வச்சா தடிமன் கூடிடும், ரப்பர் ஏறாது. ஏறினாலும் வண்டி குலுங்கும்போது பட்டி விண்டு விழும். செத்த தகட்டை நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டிட்டு, அதே கனத்துல புதுத் தகடு மடிச்சு வெல்டிங் வைக்கணும். துருப் பிடிச்சும் ஓட்டை விழாத இடத்துல வயர் பிரஷ் போட்டு, ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை நிறுத்துற மருந்து) அடிச்சு, எபாக்ஸி பிரைமர், மேல பெயிண்ட். பெயிண்ட் நல்லாக் காயட்டும், அவசரப்பட்டுப் பீடிங் ஏத்தினா அதோடயே உரிஞ்சு வந்துரும்.

வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னால பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க, சீட்டை வெளிய எடுங்க. புதுக் கண்ணாடி பக்கத்துல இருக்கவே கூடாது. வெல்டிங் பொறியும் கிரைண்டர் பொறியும் கண்ணாடியில பட்டா உருகி ஒட்டிக்கும், துடைச்சா போகாது, மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியா நிக்கும்.

#12 ஒருகைபார்ப்போம்
செப்டம்பர் 13, இரவு 10.10

வெல்டிங், பிரைமர், பெயிண்ட்... கண்ணாடி விலையை விட இதுக்குக் கூட ஆகும் போல. நான் சொன்ன மாதிரி பீடிங்கே இல்லாம நேரா சிலிகான்ல ஒட்டினா விளிம்பு இருந்தா என்ன இல்லாட்டி என்ன. மீன் தொட்டியே அதுல நிக்குதே, இது நிக்காதா?

#13 டிங்கர்கடை
செப்டம்பர் 13, இரவு 10.40

மீன் தொட்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்துல வேகத்தடை ஏறாது தம்பி.

#14 கண்ணாடிக்காரன்
செப்டம்பர் 14, காலை 6.40

ஒருகை தம்பி கேட்டதுக்குப் பதில் சொல்லிடணும், நிறைய பேர் இதைத்தான் செய்றாங்க.

மீன் தொட்டி சிலிகான் அடிக்கும்போது புளிச்ச வாடை வருமே, அது அசிட்டிக் அமிலம், வினிகர்ல இருக்கிறதே. கண்ணாடிக்குக் கண்ணாடி ஒட்ட அது அருமை. வெறும் தகட்டுல பட்டா அதுவே துருவை ஆரம்பிச்சு வைக்கும். மேல ரப்பர் மாதிரி மூடிக்கிட்டு இருக்கறதால உள்ள நடக்கிறது தெரியாது. தெரியறப்போ தகடு தம்பியோட அப்பளம்தான். இன்னொரு தொல்லை, சிலிகான் பட்ட இடத்துல பெயிண்ட் பிடிக்காது, மீன்கண் மாதிரி குழி குழியா விலகும். பெயிண்டர்கள் சிலிகான் டியூப்பைப் பார்த்தாலே திட்டறது இதனாலதான்.

புது வண்டிகள்ல ஒட்டுறாங்களேன்னு கேட்கலாம். அது யூரிதேன், வேற மருந்து. அதுக்குத் தகடும் கண்ணாடியும் அந்த மாதிரி அமைஞ்சிருக்கும், தனி பிரைமர் உண்டு, ஒட்டின பிறகு டியூப்புல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் வண்டியை அசைக்கக் கூடாது. பீடிங் வண்டியைப் பீடிங்காவே விட்டுடுங்க.

பீடிங் வச்ச பிறகும் சந்தேகமா இருந்தா, இறுகாத வகை விண்ட்ஷீல்டு சீலன்ட் கேட்டு வாங்கி வெளி உதட்டைத் தூக்கி அடியில மெல்லிசா விடுங்க. அது எப்பவும் கொஞ்சம் பிசுபிசுன்னே இருக்கும், அப்படித்தான் இருக்கணும்.

#15 சலாலா_டிரைவர்
செப்டம்பர் 14, மதியம் 12.30

ஓமான்ல இருந்து. இங்க எங்க கம்பெனியோட பழைய ஹைலக்ஸ்ல பின் கண்ணாடி நடுவுல தள்ளித் திறக்கிற மாதிரி. அதுலயும் ஒழுகல் வந்துச்சு, எல்லாரும் பீடிங் பீடிங்னு சொன்னாங்க. கடைசியில பார்த்தா கீழ்ச்சட்டத்துல தண்ணி வடியற துளை மண்ணு அடைச்சிருக்கு. ஒரு ஈர்க்குச்சியில சரியாச்சு. அந்த மாதிரி கண்ணாடி வச்சிருக்கிறவங்க முதல்ல அதைப் பாருங்க.

#16 தக்காளி207
செப்டம்பர் 28, இரவு 9.00

எல்லாருக்கும் அப்டேட். ஊர் டிங்கர் ஒருத்தர்கிட்ட விட்டு விளிம்பை வெட்டி வெல்டிங் வச்சாச்சு, மூணு நாள் ஆச்சு. பெயிண்ட் அடிச்சு ஒரு வாரம் வெயில்ல விட்டேன். கண்ணாடியும் பீடிங்கும் கோயம்புத்தூர் உக்கடத்துல வாங்கினேன். பழைய மார்க்கெட்ல கழட்டின கண்ணாடி பாதி விலைக்குக் கிடைச்சது, ஆனா ஓரத்துல நகக்கண் அளவு சில்லு போயிருந்துச்சு. கண்ணாடிக்காரர் அண்ணன் ஓரம் பூஞ்சைன்னு சொன்னது ஞாபகம் வந்து வச்சுட்டு வந்துட்டேன். புதுசே வாங்கினேன்.

இன்னைக்கு மாட்டினோம். வெளிய நான், உள்ள மச்சான். இங்கதான் ஒரு கூத்து. 4 மி.மீ. நைலான் கயிறுன்னு படிச்சுட்டு, வீட்டுல சாக்கு தைக்கிற சணல்தானே இருக்குன்னு அதையே வச்சேன். கீழ் விளிம்பு அருமையா புரண்டுச்சு, ஒரு மூலை தாண்டிருச்சு, ரெண்டாவது மூலையில சோப்புத் தண்ணியில ஊறின சணல் படக்குனு அறுந்துச்சு. மச்சான் பின்னால போய் ஸ்டியரிங்ல இடிச்சுக்கிட்டான், ஹாரன் அடிக்குது, நாய் குரைக்குது, பாதி மாட்டின கண்ணாடியை நான் பிடிச்சுக்கிட்டு தொட்டியில நிக்கிறேன். என் வீட்டுக்காரம்மா சிரிச்சுக்கிட்டே துணி காயப்போடற நைலான் கொடியை அவுத்துட்டு வந்து கொடுத்தாங்க. எல்லாத்தையும் வெளிய எடுத்து முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். ரெண்டாவது தடவை இருபதே நிமிஷம். அந்த வாழைமட்டைச் சத்தம் நிஜமாவே வருதுங்க அண்ணா.

#17 கண்ணாடிக்காரன்
செப்டம்பர் 29, காலை 7.00

சந்தோஷம் தம்பி. இன்னும் ரெண்டு நாள் கதவை அடிச்சு சாத்தாதீங்க. கேபின் சின்னது, கண்ணாடி எல்லாம் ஏத்தியிருக்கும்போது கதவு அடிச்சா உள்காத்து பின் கண்ணாடியைத்தான் தள்ளும். பீடிங் இடம் பிடிக்கட்டும்.

#18 தக்காளி207
அக்டோபர் 17, காலை 8.15

அண்ணா, நேத்து ராத்திரி முதல் மழை. காலையில பார்த்தா சீட்டுக்குப் பின்னால ஈரம். மனசே விட்டுப் போச்சு. பீடிங் எங்கயும் தூக்கல.

#19 டிங்கர்கடை
அக்டோபர் 17, காலை 9.00

பீடிங்கைக் கை வைக்காதீங்க. உள்பக்கம் நல்லாத் துடைச்சுக் காய வச்சு, கண்ணாடியைச் சுத்தியும் மேல கூரை வரைக்கும் முகப்பவுடர் அப்பி விடுங்க. வெளிய ஒருத்தர் ஹோஸைப் பிடிக்கணும், பீய்ச்சி அடிக்கக் கூடாது, சும்மா வழிய விடணும். கீழ இருந்து ஆரம்பிங்க. கீழ் விளிம்புல அஞ்சு நிமிஷம், பக்கத்துல அஞ்சு நிமிஷம், அப்புறம் மேல் விளிம்பு, கடைசியா கூரை. மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் ஓடும், எங்க இறங்குதுன்னு தெரியாது. பவுடர்ல கோடு எங்க விழுதுன்னு பாருங்க.

#20 தக்காளி207
அக்டோபர் 18, மாலை 6.20

கண்டுபிடிச்சாச்சு! கீழ், பக்கம், மேல் விளிம்பு மூணுலயும் பவுடர் அசையல. கூரையில தண்ணி விட்டு ரெண்டே நிமிஷத்துல டிரைவர் பக்கம் மேல இருந்து ஒரு கோடு இறங்குது. கூரையோட மழைத்தண்ணிக் கால்வாய் இருக்குல்ல, அதோட இணைப்புல பூசியிருந்த பசை வெடிச்சு, ஊசி நுழையற அளவுக்கு ஒரு கீறல். அங்க இருந்து உள்ள இறங்கி, தூண் வழியா வந்து, நேரா அந்த மூலைக்குத்தான் போகுது. பழைய விளிம்பை அரிச்சதே இந்தத் தண்ணிதான் போல. பீடிங் மேல இத்தனை வருஷமா பழி போட்டிருக்கேன்.

#21 டிங்கர்கடை
அக்டோபர் 18, இரவு 8.00

பழைய பசையைச் சுரண்டி எடுத்துட்டு, பிரைமர் தொட்டு, பாடி சீலன்ட் பூசி மேல பெயிண்ட் அடிங்க. புளிச்ச வாடை சாமான் வேண்டாம், சொல்லிட்டேன்.

#22 ஒருகைபார்ப்போம்
அக்டோபர் 18, இரவு 8.45

என்னைத்தான் சொல்றீங்கன்னு தெரியுது. சித்தப்பா வண்டியில நேத்து சிலிகானை ஒரு ஓரம் உரிச்சுப் பார்த்தேன். அதுக்கு மேல ஒண்ணும் கேட்காதீங்க.

#23 சர்வேசாமி
அக்டோபர் 19, காலை 10.00

கண்ணாடிக்கு முன்னால தொட்டியில கம்பி கிரில் வச்சீங்களா இல்லையா? அது இல்லாம மறுபடி பைப் ஏத்தினா இதே இழையில நூறாவது பதிவு வரைக்கும் போகலாம்.

#24 தக்காளி207
நவம்பர் 6, இரவு 9.30

கிரில் வச்சாச்சுங்க. முக்கால் இஞ்ச் ஸ்கொயர் பைப் சட்டம், நடுவுல வெல்டு மெஷ், தொட்டியோட முன்பலகையில போல்ட் போட்டிருக்கு. கண்ணாடியில இருந்து நாலு விரல் தள்ளி. கண்ணாடி வழியா பின்னால பார்க்கறதுக்கு மறைக்கல. பைப்பையும் இப்ப முன்னால ஒரு கயிறு குறுக்கே போட்டுத்தான் கட்டறேன்.

நாலு நாளா நல்ல மழை. சீட்டுக்குப் பின்னால வச்ச பேப்பர் நனையல. ஆனா இன்னைக்கு மச்சான் சீட்டைத் தள்ளினப்போ கல்கண்டு மறுபடி நாலு விழுந்துச்சு.

#25 மேட்டாங்காடு
நவம்பர் 6, இரவு 9.50

அது வண்டி விக்கிற வரைக்கும் விழும். பழைய பீடிங்கை என்ன பண்ணினீங்க?

#26 தக்காளி207
நவம்பர் 6, இரவு 10.05

தோட்டத்து இரும்புக் கேட் காத்துல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மச்சான் அந்தப் பீடிங்கை ரெண்டா வெட்டி நிலைக்கம்பியில சொருகி விட்டுட்டான். இப்ப சத்தமே இல்லை.